ஆப்பிரிக்க இரத்தினக்கல் வணிகத்தில் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்கா ஒரே நாடல்ல. அங்கே கல் எடுக்கும் முறையும் விற்கும் முறையும் இடத்துக்கு இடம் மாறுபடும். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் தான்சானியாவைப் பற்றியே பேசப்படுகிறது. தேவைப்படும் இடங்களில் மடகாஸ்கர், போட்ஸ்வானா, கானா ஆகிய நாடுகளும் வருகின்றன. நிறக்கற்களே இங்கு முதன்மையான பொருள். வைரத்துக்கும் மணி நகைகளுக்கும் தனித்தனிக் கேள்விகள் உள்ளன.

இந்தத் தொழிலில் பெண்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்கள்?

பெரிய இயந்திரங்கள் இல்லாமல் மண்வெட்டி, உளி, சல்லடை ஆகியவற்றைக் கொண்டு நடக்கும் சிறு சுரங்கத் தொழிலில் உலக அளவில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் பெண்கள் என்றும், ஆப்பிரிக்காவில் அது 40 முதல் 50 விழுக்காடு வரை இருக்கும் என்றும் நீண்ட காலமாகவே மதிப்பிடப்பட்டு வருகிறது. இது தங்கம், உப்பு, கட்டடக்கல் என எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு. உலகச் சந்தைக்கு வரும் நிறக்கற்களில் பெரும்பகுதி இத்தகைய சிறு சுரங்கங்களிலிருந்தே வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நகைக்கடையில் விளக்கொளியில் மின்னும் நீலக்கல்லோ கோமேதகமோ ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு பெண்ணின் கைபட்டே வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது புரியும்.

ஆனால் இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மகிழ்ந்துவிட முடியாது. தொழிலில் பெண்கள் இருக்கிறார்களா என்பதைவிட, கல்லின் விலை எந்தக் கட்டத்தில் உயர்கிறதோ அந்தக் கட்டத்தில் அவர்கள் இருக்கிறார்களா என்பதே பயனுள்ள கேள்வி. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

சுரங்கப் பகுதியில் பெண்கள் செய்யும் வேலை என்ன?

வடக்குத் தான்சானியாவின் மெரெரானி குன்றுகளில் 1967 இல் தான்சனைட் என்னும் நீல நிறக் கல் கண்டெடுக்கப்பட்டது. உலகில் வேறெங்கும் அது வணிக அளவில் கிடைப்பதில்லை. அங்கே ஆண்கள் குறுகிய குழிகளின் வழியே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிப் பாறையை உடைக்கிறார்கள். மேலே தூக்கிக் கொட்டப்படும் கழிவுக் கற்குவியலில்தான் பெண்களின் வேலை தொடங்குகிறது. அந்தப் பாறையில் பென்சில் கரி எனப்படும் கிராஃபைட் கலந்திருப்பதால், சல்லடையை ஒருமுறை அசைத்தாலே கருந்தூசி எழும்பி முகத்திலும் தலைத்துணியிலும் முதுகில் கட்டியிருக்கும் குழந்தையின் மேலும் படிகிறது. சலித்த கற்களைக் கையால் கிளறி, விளிம்பில் ஊதாவோ நீலமோ தெரிகிறதா என்று பார்த்து, சுண்டுவிரல் நகம் அளவுள்ள துணுக்குகளைப் பொறுக்கிச் சேர்ப்பார்கள்.

இது தவிர, சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போடுவது, தண்ணீர் சுமப்பது, துணி துவைப்பது, கடன் கொடுப்பது ஆகியவையும் பெண்களிடமே இருக்கின்றன. இவை சுரங்க வேலையாகக் கணக்கில் எழுதப்படுவதில்லை என்றாலும், இவை நின்றுபோனால் அடுத்த நாளே குழியும் நின்றுபோகும்.

கழிவுக் குவியலில் கிடைக்கும் கல் யாருக்குச் சொந்தம்?

பெரும்பாலான சிறு சுரங்கங்களில் ஊதியம் என்ற ஒன்று கிடையாது, பங்குதான் உண்டு. உரிமம் வைத்திருப்பவர் ஒருவர், உணவுக்கும் கருவிகளுக்கும் டீசலுக்கும் முதல் போடுபவர் இன்னொருவர், தோண்டுபவர்கள் மூன்றாம் தரப்பினர். கல் கிடைக்கும்வரை தோண்டுபவர்களுக்குச் சாப்பாடு மட்டுமே கிடைக்கும். கிடைத்தபின் விற்ற தொகை முன்பே பேசிய விகிதத்தில் பிரிக்கப்படும்.

சலிக்கும் பெண்ணுக்கு இந்தப் பங்குக் கணக்கில் இடமில்லை. குழி உரிமையாளர் மனம்வைத்து அனுமதித்தால் அவள் குவியலில் உட்காரலாம். அதற்கு ஈடாகக் கிடைத்ததில் ஒரு பகுதியைக் கொடுக்கவோ, அவர் சொல்லும் ஆளிடமே விற்கவோ வேண்டியிருக்கும். எழுத்தில் எதுவும் இல்லாததால், நல்ல கல் கிடைத்த நாளில்தான் தகராறு பிறக்கிறது. வேலைக்கு அனுமதி, கடன், விற்பனை ஆகிய மூன்றும் ஒரே ஆணின் கையில் இருக்கும் இடங்களில் பெண்கள் பாலியல் வற்புறுத்தலுக்கு ஆளாவதும் நடக்கிறது. இதைத் தனிமனித ஒழுக்கத்தின் குறையாக மட்டும் பார்ப்பது போதாது. ஏற்பாடே அதற்கு வழிவிடுகிறது.

பெண்கள் ஏன் குழிக்குள் இறங்குவதில்லை?

பெண் இறங்கினால், அதிலும் மாதவிலக்கு நாளில் இறங்கினால், கல் மறைந்துவிடும் என்ற நம்பிக்கை கிழக்கு ஆப்பிரிக்கச் சுரங்கங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. பெண்களை நிலத்தடிச் சுரங்கத்தில் வேலைக்கு அமர்த்தக்கூடாது என்று 1935 ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கையே சொன்னது. பாதுகாப்பின் பெயரால் எழுதப்பட்ட அந்த விதி பின்னர் பல நாடுகளில் கைவிடப்பட்டது. தென்னாப்பிரிக்கா 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பெண்களுக்கு நிலத்தடி வேலையைத் திறந்துவிட்டது. சட்டம் விலகிய இடத்திலும் நம்பிக்கை விலகவில்லை என்பதுதான் நிலைமை.

மெரெரானியைச் சேர்ந்த பிலி ஹுசைனின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கொடுமையான மணவாழ்விலிருந்து வெளியேறிய அவர், ஆண் உடை அணிந்து, ‘ஹுசைன் மாமா’ என்ற பெயரில் ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆண்களோடு குழிக்குள் இறங்கி வேலை செய்தார். பெரிய தான்சனைட் கொத்துகள் கிடைத்தன. பின்னர் சொந்தச் சுரங்கத்துக்கும் உரிமையாளர் ஆனார். பத்திரிகைகள் இதை வியப்புக்குரிய சாகசமாக எழுதின. 2017 இல் பிபிசி வெளியிட்ட செய்தியில் வேறொரு விவரமும் இருந்தது: அவருடைய நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்த 70 பேரில் 3 பேர் மட்டுமே பெண்கள், அவர்களும் சமையல் வேலையில் இருந்தார்கள். ஒருவர் தடையைத் தாண்டிவிட்டார் என்பதால் தடை போய்விட்டது என்று பொருளல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை என்றே கருதுகிறேன்.

பெண்கள் தங்கள் பெயரில் சுரங்க உரிமம் பெற முடியுமா?

தான்சானியாவில் முடியும். 2010 ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின்படி, சிறு அளவில் சுரங்கம் நடத்துவதற்கான முதன்மைச் சுரங்க உரிமம் அந்நாட்டுக் குடிமக்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. உரிமத்தைத் தன் பெயரில் வைத்திருக்கும் பெண் மேலே சொன்ன பங்குக் கணக்கில் முதல் இடத்துக்கு வந்துவிடுகிறாள். கழிவுக் குவியலில் யார் சலிக்கலாம் என்பதையும் அவளே முடிவு செய்கிறாள்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. உரிமம் பெற்ற நிலத்தில் குழி வெட்டவும், தண்ணீர் இறைக்கவும், தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் சோறு போடவும் முதல் வேண்டும். வங்கி அடமானம் கேட்கும். குடும்ப நிலமோ வழக்கத்தில் கணவரின் அல்லது தந்தை வழியினரின் கையில் இருக்கும். ஆகவே உரிமம் வாங்கிய பெண்களில் பலர் முதல் போடும் ஆணைத் தேடிச் செல்ல நேர்கிறது. அவர் வந்ததும் கணக்கு அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

மெரெரானியில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. கல் கடத்தலைத் தடுப்பதற்காக அரசு 2018 இல் சுரங்கப் பகுதியைச் சுற்றி ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பி, உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே வாயிலை வைத்து, அடையாள அட்டையும் சோதனையும் கட்டாயம் ஆக்கியது. அரசுக்கு வரி கூடியிருக்கிறது. ஆனால் ஆவணம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே அப்படியொரு சுவர் எழும்பும்போது, ஆவணம் குறைவாக வைத்திருக்கும் சிறு பெண் வியாபாரிகளுக்கே நெருக்கடி முதலில் வரும்.

விற்கும்போது பெண்கள் எதில் இழக்கிறார்கள்?

கல்லை அறியாததில். வேறு எந்தக் காரணத்தையும்விட இதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

தங்கத்துக்கு உலகச் சந்தை விலை உண்டு. காலையில் வானொலியிலேயே கேட்டுவிடலாம். நிறக்கல்லுக்கு அப்படியொரு விலை கிடையாது. ஒரே எடையுள்ள இரண்டு கற்களில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு விலை போகலாம். நிறத்தின் ஆழம், உள்ளே இருக்கும் விரிசல், பட்டை தீட்டும்போது எவ்வளவு வீணாகும், வடிவம் எப்படி வரும் என்பவை எல்லாம் சேர்ந்துதான் விலையைத் தீர்மானிக்கின்றன. இவற்றைப் பார்க்கத் தெரிந்தவர் வாங்குபவர், தெரியாதவர் விற்பவர். சலித்து எடுத்த கற்கள் நல்லதும் கெட்டதும் கலந்த ஒரே பொட்டலமாகத் தரகரிடம் போகும். அவர் அதைப் புரட்டிப் பார்த்து, கழிவுத் துணுக்குகளைக் காட்டி விலையைக் குறைத்து, மொத்தமாக ஒரு தொகை சொல்வார். அந்தப் பொட்டலத்தில் இருக்கும் ஒன்றிரண்டு நல்ல கற்களே அந்தத் தொகைக்கு ஈடாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

தான்சனைட்டை எடுத்துக்கொள்வோம். மண்ணிலிருந்து வரும்போது அதில் பெரும்பகுதி பழுப்பு கலந்த நிறத்தில் இருக்கும். ஏறத்தாழ 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிய பிறகே கடையில் பார்க்கும் நீலம் தோன்றும். சூடேற்றும் வசதியும் அனுபவமும் வாங்குபவரிடம் இருக்க, பழுப்புக் கல்லைப் பழுப்புக் கல்லின் விலைக்கே சிறு விற்பனையாளர் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அன்று மாலைச் சாப்பாட்டுக்குப் பணம் வேண்டும் என்ற அவசரமும் இதோடு சேர்கிறது. ஒரு வாரம் காத்திருந்து இன்னொரு தரகரிடம் காட்டலாம் என்ற வாய்ப்பு கையில் இருப்பு உள்ளவருக்கே உரியது.

இந்த அறிவைப் பெண்களுக்குக் கற்றுத்தர முயற்சி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அமெரிக்க இரத்தினவியல் நிறுவனமான ஜிஐஏ, சிறு சுரங்கத்தார் பட்டை தீட்டாத கற்களை இனம் பிரித்து மதிப்பிடுவதற்காகப் படங்கள் நிறைந்த கையேடு ஒன்றை உருவாக்கி, பாக்ட் என்னும் தொண்டு நிறுவனத்துடன் இணைந்து 2017 முதல் தான்சானியாவின் தாங்கா பகுதியில் பெண் சுரங்கத்தாரிடையே பயிற்சியைத் தொடங்கியது. கையேடு சுவாகிலி மொழியிலும் கொடுக்கப்பட்டது.

கையேட்டோடு ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக் தட்டும் தரப்பட்டது. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத பொருள்தான். கல்லைக் கழுவித் தட்டில் வைத்து, தட்டைச் சூரியன் பக்கம் பிடித்தால், அடியிலிருந்து வரும் ஒளியில் நிறம் எங்கே அடர்ந்திருக்கிறது, எங்கே வெளுத்திருக்கிறது, விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். ஆய்வுக்கூடம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். நிறவாரியாகவும் அளவுவாரியாகவும் பிரித்து வைத்தபின், ஒரே பொட்டலமாக விற்கும் கட்டாயம் நீங்குகிறது. ஒவ்வொரு குவியலுக்கும் தனி விலை பேசலாம். எது விற்கத்தக்கது, எது வேண்டாம் என்பதும் தெரிவதால், பயனற்ற கல்லைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் போகும் அலைச்சலும் மிச்சம்.

‘சந்தை நாள்’ என்பது என்ன?

மேற்சொன்ன பயிற்சியின் தொடர்ச்சியாக 2019 இல் மோயோ ஜெம்ஸ் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. பாக்ட் நிறுவனம், தான்சானியப் பெண் சுரங்கத்தார் சங்கமான தவோமா, மேலை நாடுகளின் கல் வணிகர்கள் சிலர் ஆகியோர் இதில் இணைந்தார்கள். கென்ய எல்லையை ஒட்டிய உம்பா பள்ளத்தாக்கு இதன் தொடக்கக் களங்களில் ஒன்று. கோமேதக வகைகளும் பல நிற நீலக்கற்களும் கிடைக்கும் வறண்ட பகுதி அது.

இத்திட்டத்தில் ‘சந்தை நாள்’ என்று முன்பே அறிவித்த நாளில் கிராமத்திலேயே மேசை போடப்படும். உரிமம் பெற்ற வணிகர் ஒருபுறம், கல் கொண்டுவந்தவர்கள் மறுபுறம் இருக்க, ஒவ்வொருவரும் தம் கல்லைத் தாமே கொடுத்து, எடை பார்த்து, விலை கேட்டு, பிடிக்கவில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாம். ஏற்றுமதி விலையின் பெரும்பங்கு கல் எடுத்தவருக்கே போக வேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படை. தரகர்களை ஒழிப்பது நோக்கமல்ல என்பதைக் குறிப்பிட வேண்டும்; உள்ளூர்த் தரகர்களும் பதிவு செய்துகொண்டு தம் பங்கோடு கலந்துகொள்கிறார்கள். தரகரை முழுவதும் தள்ளிவைக்கும் திட்டங்கள் வெளியார் போன மறுமாதமே சரிந்துவிடும் என்பதால் இது சரியான முடிவே.

குறையும் உண்டு. வாங்கும் வணிகர்கள் எண்ணிக்கையில் சிலர். அவர்களுடைய வாடிக்கையாளர்கள் கல்லின் பூர்வீகத்தைக் கேட்டு வாங்கும் மேலை நாட்டுச் சிறு கூட்டத்தினர். 2020 இல் கொரோனா காரணமாகப் பயணம் முடங்கியபோது, வெளிநாட்டு வணிகரை நம்பியிருக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் உள்ள பலவீனம் வெளிப்பட்டது.

தவோமா போன்ற சங்கங்களால் என்ன பயன்?

தவோமா 1997 இல் தொடங்கப்பட்டது. உரிமத்துக்கு விண்ணப்பிப்பது, கருவிகளைப் பொதுவில் வாடகைக்கு எடுப்பது, அமைச்சகத்தில் பேசுவது ஆகியவை தனியொரு பெண்ணால் இயலாதபோது சங்கத்தால் இயல்கின்றன. சாம்பியாவிலும் சுரங்கத் தொழில் செய்யும் பெண்களுக்கான சங்கம் நெடுங்காலமாக இருக்கிறது. தான்சானிய அரசு 2019 இல் சிறு சுரங்கத்தார் மீதான 18 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியையும் 5 விழுக்காடு பிடித்தம் செய்யும் வரியையும் நீக்கி, அரசு கனிமச் சந்தைகளைத் திறந்தது. முறைப்படி விற்பது முன்பைவிடக் கட்டுப்படியாகும் என்ற நிலை அதன்பின் உருவானது. பெண்கள் மட்டுமல்லாமல் எல்லோருமே இதனால் பயன்பெற்றார்கள்.

மடகாஸ்கரில் நிலைமை எப்படி? அங்கே இலங்கை வணிகர்கள் இருப்பது உண்மையா?

உண்மை. 1998 இல் தென்மேற்கு மடகாஸ்கரின் இலகாகாவில் நீலக்கல் கிடைத்ததும், நெடுஞ்சாலையோரம் சில குடிசைகளாக இருந்த இடம் மிகக் குறுகிய காலத்தில் பல்லாயிரம் பேர் வாழும் ஊரானது. இலங்கையிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வந்த வணிகர்கள் சாலையோரத்தில் கடை திறந்து கல் வாங்கினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கல் வணிகம் செய்யும் இலங்கையின் பேருவளை, இரத்தினபுரி ஊர்க்காரர்களுக்கு மடகாஸ்கர் நன்கு பழகிய பெயர்.

அங்கே குடும்பமாகவே வேலை நடக்கிறது. ஆண்கள் குழி வெட்டிச் சரளை மண்ணை மூட்டை கட்ட, பெண்கள் இடுப்பளவு ஆற்றுநீரில் நின்று வட்டச் சல்லடையைச் சுழற்றி அலசுகிறார்கள். தாங்களே சிறு முதல் போட்டு, அலசுபவர்களிடமிருந்து சிறு கற்களை வாங்கிச் சேர்த்துக் கடைக்காரரிடம் விற்கும் பெண்களும் பலர். மெரெரானியோடு ஒப்பிட்டால் வணிகத்தில் இவர்கள் ஒரு படி மேலே இருக்கிறார்கள். ஆயினும் இவர்கள் கைக்கு வருவது சிறு கற்களே. பெரிய கல் குழியிலிருந்து நேராக முதலாளியின் மேசைக்குப் போய்விடும். பின்னர் அது பட்டை தீட்டப்படுவதும் சூடேற்றப்படுவதும் பெரும்பாலும் இலங்கையிலோ பாங்காக்கிலோதான்.

வைரத் தொழிலிலும் இதே நிலைதானா?

இல்லை. போட்ஸ்வானாவில் வைரம் பெரிய நிறுவனங்களின் இயந்திரச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. சம்பளம், பணி விதி, பதவி உயர்வு எல்லாம் எழுத்தில் உண்டு. 2015 இல் 1,109 காரட் வைரமும், 2024 இல் 2,400 காரட்டுக்கும் மேற்பட்ட வைரமும் கிடைத்த கரோவே சுரங்கத்தை நடத்தும் லுக்காரா நிறுவனத்தின் போட்ஸ்வானா பிரிவுக்கு நசீம் லஹ்ரி என்ற பெண் தலைமை தாங்கியிருக்கிறார். வைரம் பிரித்தெடுக்கும், பட்டை தீட்டும் கூடங்களிலும் பெண்கள் பெருமளவில் வேலை பார்க்கிறார்கள். பட்டை தீட்டாத வைரத்துக்கு, கிளர்ச்சிக் குழுக்களின் போருக்குப் பணம் தரும் வைரத்தைச் சந்தையிலிருந்து விலக்குவதற்கான கிம்பர்லி சான்றிதழ் முறை 2003 முதல் இருக்கிறது. நிறக்கற்களுக்கு அப்படியொரு பன்னாட்டுச் சான்றிதழ் கிடையாது.

நகை செய்வதிலும் விற்பதிலும் பெண்களின் இடம் என்ன?

மேற்கு ஆப்பிரிக்காவின் பல சமூகங்களில் பொன் வேலை குறிப்பிட்ட குலத்து ஆண்களின் தொழில். நகையாகச் சேர்த்த செல்வமோ பெண்களின் உடைமை. மணி வேலையில் இது மாறுகிறது. கென்யாவிலும் தான்சானியாவிலும் மாசாய் மக்களின் மணிக் கழுத்தணிகளைச் செய்பவர்கள் பெண்களே.

கானாவின் குரோபோ மக்கள் கண்ணாடி மணிக்குப் பெயர்பெற்றவர்கள். உடைந்த பாட்டில்களை உரலில் இட்டுப் பொடியாக்கி, களிமண் அச்சின் குழிகளில் நிரப்பி, ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளி இலைக்காம்பின் துண்டொன்றைச் செருகிச் சூளையில் வைக்கிறார்கள். கண்ணாடி உருகிச் சேரும்போது காம்பு எரிந்துபோய், நூல் கோக்கத் துளை கிடைத்துவிடுகிறது. சூளை வேலை பெரும்பாலும் ஆண்களிடம் இருக்க, மணிகளை மணலும் நீரும் சேர்த்துக் கல்லில் தேய்த்து மெருகேற்றுவதிலும், கோப்பதிலும், விற்பதிலும் பெண்களே முன்னிற்கிறார்கள். வியாழக்கிழமைதோறும் கூடும் கொஃபோரிடுவா மணிச் சந்தையில் பழைய மணிக்கும் புது மணிக்கும் வேறுபாடு சொல்லி விலை பேசும் பெண் வணிகரிடம், மெரெரானியில் சலிக்கும் பெண்ணிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: பொருளைப் பற்றி வாங்குபவரைவிடக் கூடுதலாக அவருக்குத் தெரியும். பூப்பெய்திய பெண்களுக்கான ‘திப்போ’ சடங்கில் அணிவிக்கும் மணிகள் தாய் வழியில் வருவதால், இந்த அறிவு வீட்டுக்குள்ளேயே வளர்கிறது.

விலையுயர்ந்த நகைகளின் உலகிலும் ஆப்பிரிக்கப் பெண்கள் பெயர் பெற்றிருக்கிறார்கள். கினி-பிசாவில் பிறந்த வானியா லெலெஸ், சியெரா லியோனில் வேரூன்றிய சத்தா மத்தூரி, கானாவில் பிறந்த எமெஃபா கோல் ஆகியோர் லண்டனை மையமாகக் கொண்டு இயங்குகிறார்கள். இவர்களில் முதல் இருவரும் பெரிய வைர, நகை நிறுவனங்களில் பணியாற்றிய பின்னரே சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள்.

கல் வாங்கும் ஒருவர் கடையில் என்ன கேட்கலாம்?

இந்தியக் கடைகளில் விற்கும் சாம்பிய மரகதமும் தான்சனைட்டும் பெரும்பாலும் ஜெய்ப்பூரில் பட்டை தீட்டப்பட்டு வருபவை. கல் எந்த நாட்டைச் சேர்ந்தது, சூடேற்றப்பட்டதா, பெரிய நிறுவனத்தின் ஏலத்தில் வாங்கியதா அல்லது சிறு சுரங்கத்தாரிடமிருந்து வந்ததா என்ற மூன்றையும் கேட்கலாம். முதல் இரண்டுக்கும் ஆய்வுக்கூடச் சான்றிதழில் பெரும்பாலும் பதில் கிடைக்கும். மூன்றாவது எந்தச் சான்றிதழிலும் இருக்காது; அதைக் கடைக்காரர் தமக்குக் கல் விற்றவரிடம்தான் கேட்டாக வேண்டும். பத்து வாடிக்கையாளர்கள் கேட்டால் அவரும் கேட்பார். பெண்கள் எடுத்த கல் என்று அட்டையில் அச்சிட்டு விற்பவரிடம் மட்டும் கூடுதலாக ஒன்றைக் கேட்க வேண்டும்: அந்தப் பெண்களுக்கு விலையில் எவ்வளவு போனது?